வாசிப்பு வட்டத்தை மூடிய தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒருங்கிணைப்புக் குழுத் தோழர்களுக்கு,

போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் இருந்தன. புதன்கிழமை வாசிப்பு வட்டம் இனி நடக்காது. துண்டறிக்கையோ பதிவோ வெளியே போகுமுன் இருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற விதி நீக்கப்படுகிறது. ஆவணங்களைத் தேடிப் படிக்கும் மூவர் குழு கலைக்கப்பட்டு ஊடகக் குழுவோடு சேர்க்கப்படுகிறது. மூன்றுக்கும் சேர்த்துக் காரணம் ஒரே வரியில் இருந்தது: "இன்று வேகமே பலம், முதலில் போடுவோம், பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள்வோம்."

குழுவுக்குள்ளேயே பேசியிருக்கலாமே என்பீர்கள். இரண்டு முறை எழுதினேன். படித்துவிட்டீர்கள் என்பதற்கான நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி எழுதுகிறேன். இந்த இயக்கத்தில் எனக்கு 16 ஆண்டுகள் ஆகின்றன. நான் மேடையில் பேசுகிறவன் இல்லை. துண்டறிக்கை எழுதுவேன், மனு எழுதுவேன், கூட்டம் முடிந்தால் நாற்காலி மடக்குவேன். எழுதுகிறவன் என்பதால் பிழைகளில் பெரும்பங்கு என்னுடையது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாசிப்பு வட்டம் ஏன் தொடங்கியது என்பது உங்களில் புதியவர்களுக்குத் தெரியாது. பழையவர்கள் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. யாரோ அறிவாளி சொன்ன யோசனையில் அது பிறக்கவில்லை. ஓர் அவமானத்தில் பிறந்தது.

நடைபாதை வியாபாரிகளை ஒழுங்குபடுத்துவதாக ஒரு சட்ட வரைவு வந்த காலம் அது. அதில் உரிமக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தும் ஒரு பிரிவு இருந்தது. நம் சுவரொட்டி, முழக்கம், மனு எல்லாமே அந்தப் பிரிவின் எண்ணைச் சுற்றித்தான். துண்டறிக்கையை எழுதியவன் நான். வியாபாரத்தை விட்டுவிட்டு நூற்றுக்கணக்கானவர்கள் வந்து வெயிலில் நின்றார்கள். நண்பகல் வாக்கில் ஓர் அதிகாரி வெளியே வந்தார். கையில் திருத்திய வரைவு. அவர் கோபப்படவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோலப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "நீங்கள் சொல்கிற பிரிவை எடுத்து மூன்று வாரம் ஆயிற்றே, பார்க்கவில்லையா?"

நாம் பார்க்கவில்லை. கையில் இருந்த பழைய வரைவோடு நின்றுவிட்டோம்.

அதோடு முடிந்திருந்தால் அசடு வழிந்ததோடு போயிருக்கும். அன்று மாலையே நாம் அதை வெற்றி என்று அறிவித்தோம். "மக்கள் திரண்டார்கள், அரசு பணிந்தது" என்று எழுதினோம். அதையும் எழுதியது நான்தான். கூட்டம் போட்டு ஒருவருக்கொருவர் துண்டு போர்த்திக்கொண்டோம். அதே திருத்திய வரைவின் கடைசியில் ஓர் இணைப்பு இருந்தது. வியாபாரம் செய்யத் தடை விதிக்கப்படும் தெருக்களின் பட்டியல். நம்மோடு நின்றவர்களில் பாதிப் பேருடைய தெரு அதில் இருந்தது. இணைப்பை யார் படிப்பார்கள்? ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள், நம் வெற்றிக் கூட்டத்துக்கு நான்கு நாள் கழித்து வந்து சத்தமில்லாமல் போயிற்று. பட்டியல் அப்படியே சட்டமானது.

எடுத்துவிட்ட பிரிவை எதிர்த்து வென்றோம். இருந்த பிரிவிடம் தோற்றோம். தோற்றது தெரியவே ஆறு மாதம் ஆனது, தள்ளுவண்டிகளைத் தூக்கிக்கொண்டு போக வண்டி வந்தபோது. அன்று நீங்களோ நானோ எதையும் இழக்கவில்லை. நாம் வீட்டுக்குப் போனோம்.

என் மனக்குறை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. பிழையை எழுதுகிறவர் ஒருவர், அதற்கு விலை கொடுக்கிறவர் இன்னொருவர். "பிறகு திருத்திக்கொள்வோம்" என்று சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறீர்களே, யாருடைய பிறகு? ஊடகக் குழுவுக்குப் "பிறகு" என்றால் பதிவை அழிக்கும் ஒரு நிமிடம். வரிசையில் முன்னால் நிற்பவருக்குப் "பிறகு" என்று ஒன்று கிடையாது.

அந்த வெட்கத்தில்தான் அடுத்த மாதம் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினோம். முதல் நாள் ஓர் அரசாணையின் மூன்று பக்கத்தை முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. "நீங்கலாக", "உட்பட்டு", "கருதப்படும்" என்ற மூன்று சொல்லுக்குள் எவ்வளவு ஒளிந்துகொள்ள முடியும் என்பதை அன்றுதான் கண்டோம். "கருதப்படும்" என்பது பொல்லாத சொல். நடக்காத ஒன்றை நடந்ததாக ஆக்கிவிடும். அறிவிப்பு வாசற்கதவில் ஒட்டப்பட்டால் அது உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதாகக் கருதப்படும், முடிந்தது கதை.

நான்கு ஆண்டு கழித்து இதன் பலனை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். அதே தெருக்கள் பற்றிய மறு ஆய்வுக் கூட்டம். ஆய்வறிக்கையை நாம் ஐந்து புதன்கிழமை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சத்தமாக வாசித்தோம். ஒரு தெருவில் இத்தனை வியாபாரிகள்தான், எனவே பாதிப்பு மிகக் குறைவு என்று ஒரு பக்கத்தில் இருந்தது. நான் அதைக் கடந்துபோய்விட்டேன். நிறையப் படிக்கிறவன் என்று பெயரெடுத்த எனக்கு அதில் எதுவும் தட்டவில்லை. அந்தத் தெருவில் பூ விற்கும் அக்காதான் நிறுத்தினார். "தம்பி, எண்ணினது என்னைக்குன்னு போட்டிருக்கா பாரு." பார்த்தேன், அடிக்குறிப்பில் தேதி இருந்தது. நாட்காட்டியை எடுத்துப் பார்த்தோம். அந்தச் சந்தைக்கு வார விடுமுறை நாள்.

கூட்டத்தில் அவர்தான் எழுந்து கேட்டார். கேள்வி இரண்டே வரி. கடைசியில் பக்க எண்ணையும் சொன்னார். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி கணக்கெடுக்க உத்தரவானது. முழக்கம் போட்டு நாம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது.

இதிலிருந்து "படித்தவன் ஜெயித்தான்" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படித்தவனாகிய நான் தவறவிட்டேன். அக்காவுக்குத் தெருவைத் தெரியும், ஆனால் அறிக்கை இருப்பதே தெரியாது. எனக்கு அறிக்கை தெரியும், தெரு தெரியாது. இரண்டும் ஒரே அறையில் உட்கார்ந்த இடம் வாசிப்பு வட்டம். அதை நீங்கள் "சிலருடைய படிப்பு ஆர்வம்" என்று சுற்றறிக்கையில் எழுதியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ராஜஸ்தானில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு செய்ததும் இதைத்தான். 1990-இல் தொடங்கிய அந்த அமைப்பு, 1994 டிசம்பரில் முதல் பொது விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பட்டியலையும் ரசீதுகளையும் ஊரார் நடுவில் உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஆனால் பட்டியலில் கூலி வாங்கியதாக இருக்கும் ஆள் செத்துப்போனவர் என்பது ஊருக்குத் தெரியும். கட்டியதாகக் கணக்கெழுதிய கட்டடம் எழும்பவே இல்லை என்பதும் தெரியும். காகிதத்தை ஊருக்குள் கொண்டுவந்ததும் காகிதம் மாட்டிக்கொண்டது. அவர்கள் எழுப்பிய முழக்கமே "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான். 1996-இல் அந்தக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு பியாவர் நகரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். அந்தத் தொடரின் விளைவாகத்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. முழக்கமும் ஆவணமும் எதிரும் புதிருமானவை என்று நினைப்பவர்கள் அந்த நான்கு சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்க்கலாம்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் நடந்த தள்ளுமுள்ளில் நம்மோடு இருந்த ஓர் அம்மாவுக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். அன்றிரவு, இருவர் கையெழுத்து விதியைத் தாண்டிக்கொண்டு, நம் பக்கத்தில் ஒரு படம் போடப்பட்டது. இரத்தம் வழியும் முகம். நல்ல படம், பார்த்தால் நெஞ்சு பதறும். ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். மறுநாள் காலை, அது சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் எடுத்த படம் என்று ஒருவர் ஆதாரத்தோடு போட்டார். யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்திருக்கலாம். படத்தை நாம் அழித்தோம். விளக்கம் சொல்லவில்லை.

அதன்பிறகு அந்த அம்மாவின் தையலை யாரும் நம்பவில்லை. மருத்துவமனைச் சீட்டைக் காட்டினார். "அதுவும் எங்கிருந்து எடுத்ததோ" என்றார்கள். விசாரணைக்குப் போனபோது அவரிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "அந்தப் பொய்ப் படம் போட்ட கூட்டத்தில் நீங்களும் உண்டா?" என்பதுதான். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் உடைந்த மண்டைக்கு நாம் ஒரு பொய்யைச் சாட்சியாக்கினோம். அந்தச் சாட்சி உண்மையையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது.

இவ்வளவுக்குப் பிறகும், விதியை மீறியதால் வந்த வினைக்கு நீங்கள் கண்ட தீர்வு விதியையே எடுத்துவிடுவது. பூட்டை மறந்து திருடு போன வீட்டில் கதவையே கழற்றி வைப்பார்களா, தோழர்களே?

வேகம் என்கிறீர்கள். உண்மைதான், எதிர்த்தரப்பு வேகமாக இருக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைவிட உண்மைக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்ததாகக் கண்டார்கள். தானியங்கிக் கணக்குகள் இதற்குக் காரணம் இல்லை. மனிதர்கள்தான், புதிதாகத் தெரிவதை ஓடிப்போய்ப் பகிர்கிறார்கள். இந்த ஆய்வை நீங்கள் உங்கள் பக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டலாம். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. வேகப் பந்தயத்தில் பொய்யை முந்த வேண்டுமென்றால் நாமும் பொய்யாகத்தான் ஆக வேண்டும். நாம் ஜெயிக்கக்கூடிய பந்தயம் வேறு. ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம் கழித்து யார் சொன்னது நிற்கிறது என்ற பந்தயம்.

"மக்கள் எண்களால் எழுவதில்லை, உணர்ச்சியால்தான் எழுகிறார்கள்" என்று செயற்குழுவில் ஒரு தோழர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பாதி உண்மை. மண்டை உடைந்தவரைப் பார்க்காமல் புள்ளிவிவரத்தைப் பார்த்துத் தெருவுக்கு வந்தவர் யாரும் இல்லை, நான் உட்பட. ஆனால் உணர்ச்சி வந்தபிறகு அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

ஐடா பி. வெல்ஸ் அமெரிக்காவின் ஒரு கறுப்பினப் பத்திரிகையாளர். 1892-இல் மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் சுட்டுக் கொன்றது. ஒருவர் அவருடைய நெருங்கிய நண்பர். அதுவரை, இப்படிக் கொல்லப்படுகிறவர்கள் ஏதோ பெரிய குற்றம் செய்திருப்பார்கள் என்ற பொதுப்பேச்சைத் தானும் ஓரளவு நம்பியிருந்ததாக அவரே பின்னால் எழுதினார். நண்பர் செய்த குற்றம் நன்றாக வியாபாரம் செய்தது என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆத்திரத்தோடு அவர் மற்ற கொலைகளை ஒவ்வொன்றாக விசாரிக்கப் புறப்பட்டார். அதே ஆண்டு அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். 1895-இல் கொலைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, எண்ணிக்கையைத் தன் சொந்தக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. வெள்ளையர் நடத்திய சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் வெளியிட்டிருந்த பட்டியலிலிருந்து எடுத்தார். மிகைப்படுத்துகிறாள் என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. அவருக்கு இருந்த ஆத்திரத்தில் நூறில் ஒரு பங்கு நமக்கு இருக்குமா? அவ்வளவு ஆத்திரத்திலும் குறைவான, மறுக்க முடியாத எண்ணைத் தேர்ந்தெடுத்தார். நாம் என்னடாவென்றால் ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவர்களை எண்ணும்போதே ஒரு சைபரைச் சேர்த்துக்கொள்கிறோம்.

இருவர் சரிபார்க்கும் விதி ஏதோ அதிகாரவர்க்கப் பழக்கம் என்று கேலி செய்யப்படுவதால் இதையும் சொல்கிறேன். 1917-இல் பீகாரின் சம்பாரணுக்குப் போன காந்தி, அந்த ஊரின் பெயரே தனக்கு முன்பு தெரியாது, நீலச் சாயத்துக்கான அவுரித் தோட்டங்களைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறார். 20 பங்கு நிலத்தில் 3 பங்கில் அவுரி போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தில் விவசாயிகள் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் போட்டுக் கண்டனம் தெரிவிப்பது எளிது. அவர் ஆயிரக்கணக்கான விவசாயிகளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார். எழுதுகிற தொண்டர்களுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது: சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், அதில் நிற்காததைச் சேர்க்கக் கூடாது. துப்பறியும் போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது நல்லதாகவே போயிற்று, யாரும் கூட்டிச் சொல்லவில்லை. தம் பக்கத்து ஆட்களையே குறுக்கு விசாரணை செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அரசு அமைத்த விசாரணைக் குழுவில் காந்தியே உறுப்பினரானார். மறு ஆண்டு சட்டம் வந்து அந்தக் கட்டாயம் ஒழிந்தது. நம்மிடம் கேட்கப்பட்டது இரண்டு கையெழுத்து.

இப்போது உங்கள் வலுவான வாதம். "இதெல்லாம் நிபுணர்களின் வேலை. தேவைப்பட்டால் வழக்கறிஞரிடமோ பேராசிரியரிடமோ கேட்டுக்கொள்ளலாம். எல்லாரும் படிக்க வேண்டியதில்லை." இதற்குப் பதிலாக நியூயார்க்கில் 1987 மார்ச்சில் தொடங்கிய ஆக்ட் அப் என்ற எய்ட்ஸ் இயக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். சாவு வாசலில் நின்றவர்கள் அவர்கள். "நேரமில்லை" என்று சொல்ல உலகத்திலேயே அதிக உரிமை உள்ளவர்கள். மருந்துச் சோதனைகள் எப்படி நடக்கின்றன என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐரிஸ் லாங் என்ற வேதியியலாளர். மார்க் ஹாரிங்டன் என்பவர் மருத்துவமோ அறிவியலோ படித்தவரில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் தெரியாத சொற்களையெல்லாம் குறித்து வைத்து ஒரு சொல்லகராதியே தயாரித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். 1988 அக்டோபர் 11 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். அதற்கு முன், அந்த அலுவலகம் எப்படி இயங்குகிறது, எந்த விதி எங்கே மருந்தைத் தடுக்கிறது என்று கையேடு தயாரித்து வகுப்பு எடுத்திருந்தார்கள். அதனால் தெருவில் படுத்திருந்தவரிடம் ஒலிவாங்கியை நீட்டினாலும் அவர் சொல்லத் தெரிந்தவராக இருந்தார். மறு ஆண்டு மாண்ட்ரியாலில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டுக்குத் தங்கள் சொந்த ஆராய்ச்சித் திட்டத்தோடு போனார்கள். சில ஆண்டுகளில், சோதனைகளைத் திட்டமிடும் அரசுக் குழுக்களிலேயே நோயாளிகளின் பிரதிநிதிகளுக்கு நாற்காலி போட வேண்டியதாயிற்று.

அவர்களிடம் நான் மிகவும் மதிப்பது இன்னொன்று. தொடக்கத்தில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மருந்தைச் சீக்கிரம் கொடு. ஏ.இசட்.டி. என்ற எய்ட்ஸ் மருந்தை நோயின் அறிகுறி தெரியுமுன்பே கொடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 1993-இல் கான்கார்ட் என்ற சோதனையின் முடிவு வந்தது. சீக்கிரம் வந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்று தெரியவும் வேண்டும் என்று அவர்களில் சிலர் தங்கள் கோரிக்கையையே மாற்றினார்கள். தன் முழக்கத்தைத் தானே திருத்திக்கொள்ள எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! அரைகுறையாகத் தெரிந்தவர்களால் முழக்கத்தை மாற்ற முடியாது. அதை விட்டால் கையில் வேறொன்றும் இல்லை.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு எதிரான ஒரு பகுதியும் உண்டு. மறைத்தால் நானும் சைபர் சேர்ப்பவனாகிவிடுவேன். படித்தவர்கள் அதிகாரிகளோடு மேசையில் உட்காரத் தொடங்கியதும், தெருவில் நின்றவர்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. 1992 தொடக்கத்தில் மருந்து ஆராய்ச்சியில் தேர்ந்தவர்கள் பிரிந்துபோய்த் தனி அமைப்பு தொடங்கினார்கள். அறிவு ஒரு சிலரிடம் தேங்கினால் இயக்கம் அங்கேயே வெடிக்கும். நிபுணர்களிடம் விட்டுவிடலாம் என்ற உங்கள் யோசனை இந்த ஆபத்தைத்தான் வீட்டுக்குள் கூப்பிடுகிறது. நாளை மேசையில் ஒருவர் நமக்காகப் பேசுவார். அவர் விட்டுக்கொடுத்ததா, விற்றுக்கொடுத்ததா என்று சொல்லக்கூட நம்மில் யாருக்கும் தெரியாது.

வாசிப்பு வட்டத்தின் மேல் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. கடைசி இரண்டு ஆண்டுகள் அது சலிப்பாகத்தான் இருந்தது. மாலை ஏழு மணிக்கு வைத்தோம். வியாபாரிகளுக்கு அதுதான் விற்பனை நேரம். வந்தவர்களில் பாதிப் பேர் பேசவே இல்லை, நானும் இன்னும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். புதிதாக வந்த ஒரு பெண் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டபோது ஒரு மூத்தவர் சிரித்தார். அவள் மறுவாரம் வரவில்லை. எதையும் முழுதாகப் படித்து முடிக்காமல் தெருவில் இறங்கக் கூடாது என்று ஒருகாலத்தில் நாங்கள் பிடிவாதம் பிடித்ததில் ஒரு நல்ல தருணம் கைநழுவிப் போனதும் உண்டு. வெளியேற்ற வண்டி வாசலில் நிற்கும்போது அடிக்குறிப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்ட இரவில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால் போதும். "இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு, இது நடந்தது, நாங்கள் பார்த்தோம்." வேகமாகவும் போகும், பொய்யாகவும் ஆகாது. சலிப்பான வகுப்பைச் சரிசெய்யுங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால் முதல் ஆளாக நான் கை தூக்கியிருப்பேன்.

நான் கேட்பது இவைதான்.

சுற்றறிக்கையை நிறுத்திவைத்து, அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு வையுங்கள். எல்லாரையும் பாதிக்கும் முடிவை ஏழு பேர் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது நம் விதிமுறையில் இல்லை. அந்த விதிமுறையையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள்.

வாசிப்பு வட்டத்தைத் திரும்பத் தொடங்குங்கள், பழைய வடிவில் வேண்டாம். வியாபாரிகளும் வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல், மூல ஆவணத்தையே சத்தமாக வாசிக்கும் வகுப்பாக இருக்கட்டும். நடத்துகிறவர் மாதம் ஒருமுறை மாற வேண்டும். நான் ஓராண்டுக்கு நடத்தமாட்டேன், கேட்கமட்டும் வருகிறேன். சிரித்த மூத்தவரும் வரட்டும், அந்தப் பெண்ணை நான் போய் அழைக்கிறேன்.

இருவர் கையெழுத்து விதி அப்படியே நிற்க வேண்டும். படம், எண்ணிக்கை, சட்டப் பிரிவு, ஒருவர் சொன்னதாக வரும் மேற்கோள் ஆகிய நான்குக்கும் விதிவிலக்கு கூடாது. எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஒரு கோப்பில் வையுங்கள். உறுப்பினர் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். ஊடகக் குழுவில் இரவு வேலை பார்க்கும் இளைஞர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் துணையாக ஒரு ஆளை நீங்கள் கொடுக்கவில்லை என்பதுதான் என் கோபம். இரவு பத்து மணிக்குமேல் இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் வேண்டுமென்றால் என் எண் உங்களிடம் இருக்கிறது. தூங்கினாலும் எழுப்புங்கள்.

மூவர் குழுவைக் கலைக்காதீர்கள், ஐவராக்குங்கள். அதில் இரண்டு பேராவது தெருவில் வியாபாரம் செய்பவர்களாக இருக்க வேண்டும். எந்த வரைவை எதிர்த்து இறங்குகிறோமோ அதன் கடைசித் திருத்தத்தின் தேதியைச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆர்ப்பாட்டத்துக்கு முந்தைய நாள் அதைச் சரிபார்க்காமல் சுவரொட்டி அச்சுக்குப் போகக் கூடாது.

கடைசியாக, அந்தப் படம். அழித்ததோடு முடிந்தது என்று நினைத்தீர்கள். படம் போட்ட அதே பக்கத்தில், அதே அளவில், அது தவறான படம் என்றும் எப்படி வந்தது என்றும் எழுதுங்கள். கீழே, அன்று உண்மையில் என்ன நடந்தது என்பதை மருத்துவமனைச் சீட்டின் தேதியோடு போடுங்கள், அந்த அம்மா சம்மதித்தால். சம்மதத்தைத் தொலைபேசியில் கேட்க வேண்டாம். குழுவிலிருந்து இரண்டு பேர் அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். வியாழக்கிழமைகளில் அவர் தையலைக் காட்ட மருத்துவமனைக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குமுன் போனால் வீட்டில் இருப்பார்.

பதினைந்து நாளில் பதிலை எதிர்பார்க்கிறேன், எழுத்தில்.

துண்டறிக்கை எழுதும் உறுப்பினன்